பெட்டிக்கு ஒரு பெயர்

தொடாதீர்கள், தொடாதீர்கள் என்று காலையிலிருந்து தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்த்தால் சுவிட்சின்மேல் அத்தானின் கை.

மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் எல்லாம் இருந்த பழைய கணினிச் சேமிப்புப் பெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்னொரு வட்டு போனால் மொத்தமும் போச்சு. புதியதற்கு நகலெடுக்கும்வரை எந்தப் படத்தையும் திறக்கக் கூடாது என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. நாளைக்கு என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. அவளுடைய போன வருடப் படத்தைப் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறார் டாக்டர். அந்தப் படமும் அதற்குள்தான்.

புதுப் பெட்டியை நிறுவ வந்தவள் நான். அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன் அத்தான், அக்காவின் கணவர். எனக்கென்று வாய்த்த கூட்டணி!

வட்டுகள் அடுக்கிய தட்டுக்குத்தான் முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்குகள் பச்சைக்கு வந்து அடங்கிய பிறகே கன்ட்ரோலர், அதாவது வட்டுகளைக் கட்டி மேய்க்கும் தலை. அத்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். கன்ட்ரோலர் விழித்துப் பார்த்து, வட்டுகளைக் காணோம் என்று திரையில் புலம்பிவிட்டு நின்றது. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி முதலிலிருந்து. ஒரு சுவிட்சுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

பின்பக்கம் போனால் அடுத்த கூத்து. ஒரு லைன் போனால் இன்னொன்று தாங்கட்டும் என்றுதான் கன்ட்ரோலருக்கு இரண்டு மின்வடங்கள். இவர் இரண்டையும் அழகாகச் சேர்த்துக் கட்டி ஒரே லைனில் சொருகியிருந்தார். அதுவும் பழைய பெட்டி தொங்கிக்கொண்டிருந்த அதே லைன். பாரம் தாங்காமல் அந்த லைன் விழுந்திருந்தால் பழைய பெட்டி அப்படியே கண்ணை மூடியிருக்கும். பாதி ஆயுளை இந்த வேலையில் கழித்த மனிதருக்கு இது தெரியாதா? எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்டபடி கத்தினேன். அவர் கட்டை அறுத்து, ஒரு வடத்தை வேறு லைனுக்கு இழுத்தார்.

இந்த முறை எல்லாம் ஒழுங்காக எழுந்தது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். பெட்டிக்குப் பெயர் கேட்டது. மருத்துவமனை அதற்கென்று கொடுத்த வரிசை எண்ணை எடுத்து வரப் பக்கத்து அறைக்குப் போனேன். வந்து பார்த்தால் திரையில் அக்காவின் பெயர்.

"நல்ல பேருதானே, இருக்கட்டுமே" என்றார்.

"அத்தான், இதுல கோளாறு வந்தா எனக்கு மெசேஜ் வரும். இந்தப் பேரைப் போட்டுத்தான் வரும். கூப்பிட்டாப் பதில் இல்ல, செயலிழந்துடுச்சுன்னு வரும். பரவாயில்லையா?"

அவர் முகம் செத்துவிட்டது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அப்ப என் பேரைப் போடு. நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

மருத்துவமனை கொடுத்த எண்ணையே பெயராக அடித்தேன். நகல் ஓடத் தொடங்கியது. அக்காவின் படத்தை வரிசையில் முதலாவதாக வைத்திருந்தேன். வந்ததும் திறந்தேன். படம் முழுதாக, ஒரு குறையும் இல்லாமல் வந்து நின்றது.

அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். மெல்லத் திரையின் கிட்டே வந்தார்.

"இப்பத் தொடலாமா?" என்று கேட்டார்.