எண்பத்து மூன்று பேர் விடுபட்ட சி.வி.

டாக்டர் எழுதிய சி.வி. பதினொரு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண், ரத்த வகை, கடைசியாகப் போட்டுக்கொண்ட தடுப்பூசியின் தேதி. ஏழாம் பக்கத்தில் செத்தவர்கள்.

அவருடைய மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அதைப் படித்தான். வாஷிங்மெஷின் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறான். எதையும் படம் போட்டுத் திரையில் காட்டாமல் பேச வராது என்பதால் வீட்டில் அவன் பெயர் பவர்பாயிண்ட். ஏழாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“மாமா, இது என்ன?”

“எது?”

“அறுவை சிகிச்சைகள் ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. சரி. இறப்பு எண்பத்தி மூணு. அதுல என் தவறால் நாலு. இதை யார் கேட்டா?”

“நாலுதான் மாப்ள. அஞ்சாவது ஒண்ணு இருக்கு, ஆனா அதுல பாதிப் பொறுப்பு மயக்க மருந்து டாக்டரோடது. அடிக்குறிப்புல போட்டிருக்கேன் பாரு.”

“அக்கா!” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினான் பவர்பாயிண்ட். “உன் வீட்டுக்காரர் வேலைக்கு மனு போடுறாரா, போலீஸ்ல சரண் அடையுறாரா?”

அக்கா கையைத் துடைத்தபடி வந்தாள். கணக்கு டீச்சர். “எண்ணிக்கை தப்பா இருக்கா?” என்றாள்.

டாக்டருக்கு இதில் என்ன தவறு என்று நிஜமாகவே புரியவில்லை. அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் நடக்கும். அந்த மாதம் யாருடைய நோயாளி இறந்தாரோ அந்த டாக்டர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்ததைச் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர் சொல்லக் கூடாது, படுக்கை எண்தான். முடிவில் தலைமை டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: அதே ஆள் நாளைக்குத் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்? யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். இருபத்திரண்டு வருடம் இப்படி நின்று பழகியவருக்கு, தன்னைப் பற்றி எழுது என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏழாம் பக்கம்தான்.

“கடைசிப் பக்கத்தைப் பாரு, இன்னும் அழகு” என்றான் பவர்பாயிண்ட். “தற்போதைய வேலையை விடக் காரணம்: வலது கட்டைவிரலில் நடுக்கம்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நாலு மாதமாக டாக்டர் கத்தியைத் தொடவில்லை. காபி டம்ளரை இடது கையால் எடுக்கிறார். வார்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. கேட்பவர்களிடம் தோள் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்த பிறகு அவரை மருந்து சப்ளை அறையில் உட்கார வைத்து, பஞ்சு மூட்டையை எண்ணச் சொல்வார்கள். அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை காலி என்று விளம்பரம் வந்தது. மனு போடக் கடைசி நாள் மறுநாள். ஐம்பது வயதில் இன்னொரு கதவு திறக்கும் என்று அவர் நம்பவில்லை.

“கவலைப்படாதீங்க மாமா. ரெண்டே பக்கம். நான் செய்யுறேன்.”

பவர்பாயிண்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான். ஆபரேஷன் தியேட்டரில்கூட டாக்டர் அவ்வளவு ரத்தம் போனதைப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு போயிற்று. ரத்த வகை போயிற்று. எண்பத்து மூன்று பேர் ஒரே பட்டனில் மறைந்தார்கள்.

“கரண்ட் போனப்ப டார்ச் வெளிச்சத்துல ஆபரேஷன் பண்ணினீங்கள்ல? ‘குறைந்த வளங்களில் புதுமை.’ நோயாளியோட சொந்தக்காரங்க உங்களை அடிக்க வந்தது?”

“அடிச்சாங்க.”

“‘சவாலான வாடிக்கையாளர்களுடன் நேரடி அனுபவம்.’ வார்டுல பூனை குட்டி போட்டுச்சே, அதுகளை வேற இடத்துக்கு யார் மாத்தினா?”

“நானும் நர்சம்மாவும்.”

“‘உள்கட்டமைப்பு மாற்றத்தைத் தலைமையேற்று நடத்தியவர்.’”

“அது அஞ்சு குட்டிடா.”

“நம்பர் இருக்கா! சூப்பர். எல்லா வரியிலயும் ஒரு நம்பர் வேணும் மாமா.”

அக்கா விளம்பரத்தைக் கையில் எடுத்துப் படித்தாள். “இதுல, எங்க மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு என்ன கெடுதல் வந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதி வைக்கிற டாக்டர் வேணும்னுல்ல போட்டிருக்கு?”

“அது வேலை அக்கா. இது சி.வி. ரெண்டையும் குழப்பாதே.”

சாயங்காலத்துக்குள் சி.வி. தயாராகிவிட்டது. முதல் வரி: ‘6,412 வெற்றிகரமான தீர்வுகளை வழங்கியவர்.’ கடைசி வரி: ‘புதிய சவால்களைத் தேடி வருகிறார்.’ டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். இவர் யாராக இருந்தாலும், இவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கட்டைவிரல் துடித்தது. அதை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, “அனுப்பு” என்றார்.

பத்தாம் நாள் நேர்காணல். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிரில் டை கட்டிய, ஆள் எடுக்கும் அதிகாரி. பக்கத்தில், மருந்தால் வரும் கெடுதல்களைப் பதிவு செய்யும் பாதுகாப்புப் பிரிவின் தலைவி. நரைத்த தலை, தேய்ந்த செருப்பு. ஒரு காலத்தில் குழந்தைகள் டாக்டர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அதிகாரி பூரித்துப்போயிருந்தார். “ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு டாக்டர்கிட்டேருந்து நல்ல சி.வி. சார்! அந்த உள்கட்டமைப்பு மாற்றம் பத்திக் கொஞ்சம்…”

“ஒரு நிமிஷம்” என்றார் தலைவி. “ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. அத்தனையும் வெற்றியா டாக்டர்?”

டாக்டர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். பஞ்சு மூட்டைகள் கண்ணில் வந்து போயின. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

“இல்லைங்க மேடம். எண்பத்தி மூணு பேர் இறந்துட்டாங்க. அதுல நாலு என் தப்பு. படுக்கை எண் பதினேழு. குடல்வால். வயசானவங்களுக்கு வலி கம்மியாத்தான் தெரியும்ங்கிறதை மறந்துட்டு, காலையில பாத்துக்கலாம்னு விட்டேன்…”

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. “சார், உக்காந்தே பேசலாம்” என்றார் பலவீனமாக. டாக்டர் காதில் அது விழவில்லை. நாலையும் சொல்லி முடித்தார். அடிக்குறிப்பில் இருந்த ஐந்தாவதையும் சொன்னார்.

தலைவி சி.வி.யை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“பதினேழாம் படுக்கை நாளைக்குத் திரும்ப வந்தா?” என்றார் தலைவி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை வெளியாள் கேட்க முடியாது. “வயித்தைத் தொட்டுப் பாக்காம வீட்டுக்குப் போக மாட்டேன்.”

“ம். ஏன் வேலையை விடுறீங்க?”

“புதிய…” என்று ஆரம்பித்தவர், கைகளை முன்னால் கொண்டுவந்து மேசைக்கு மேலே நீட்டினார். கட்டைவிரல் ஆடியது. இந்த முறை அதை அவர் ஒளிக்கவில்லை.

“டைப் அடிக்க முடியுமா?”

“எழுத்துப் பிழை வரும்.”

“வரட்டும், திருத்திக்கலாம். ஆள் விடுபட்டுப் போனா திருத்த முடியாது” என்றார் தலைவி. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேலை கிடைத்தது. பவர்பாயிண்ட் கேக்கோடு வந்தான். “பாத்தீங்களா மாமா, என் சி.வி.!” என்று தோளில் தட்டினான். அக்கா அவனுக்கு ஓரத்துத் துண்டை வெட்டிக் கொடுத்தாள்.

சேர்ந்த முதல் நாள் காலை, டாக்டருக்கு ஒரு மேசை, ஒரு கணினி, வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு கிடைத்தன. கம்பெனியின் எந்தச் சரக்காலாவது யாருக்காவது கெடுதல் நேர்ந்தால் அன்றே அந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. என்ன சரக்கு விற்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தார். முகப்பில் அவருடைய புகைப்படம். கீழே பெரிய எழுத்தில்: ‘6,412 வெற்றிகரமான தீர்வுகள்! நம் குடும்பத்தில் ஒரு புதிய முகம்.’

டாக்டர் ஒரு படிவத்தை உருவினார். வலது கை கோணலாகத்தான் எழுதியது. இருந்தாலும் படிக்க முடிந்தது.

நேர்ந்த கெடுதல்: எண்பத்து மூன்று பேர் விடுபட்டுள்ளனர்.

தீவிரம்: அதிகம்.

சந்தேகத்துக்குரிய காரணம்: மைத்துனர்.

முன்பே தெரிந்திருந்தும் தடுக்கத் தவறியவர் யாராவது உண்டா?

அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தலைவியின் மேசைக்கு அனுப்பிவைத்தார்.