தடியனின் கடைசிக் கடி

தடியன் அவளைக் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் லேசாகப் பட்டுவிட்டது என்று மழுப்ப முடியாத கடி. முன்கைச் சதையைக் கவ்வி, தலையை இரண்டு உலுக்கு உலுக்கிக் கிழித்துவிட்டது. ராத்திரி நனைத்த சாக்கிலிருந்து அதைத் தூக்கி உலர்ந்த சாக்கில் படுக்கவைக்கத்தான் அவள் குனிந்திருந்தாள். குட்டியில் இருந்து அவள் கையால் தின்று வளர்ந்த நாய். விட்ட பிறகும் பல்லைக் காட்டிக்கொண்டு, இன்னும் யாரையோ தேடுகிற மாதிரி சுவரைப் பார்த்து உறுமியது. கண் இரண்டும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடந்தன.

தெருவில் அவளை எல்லாரும் சோபாக்கா என்பார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, ஸ்பிரிங் எகிறிய கார் சீட்டு எல்லாம் அவளைத் தேடி வரும். பழைய துணியை உரித்து, கட்டையைத் தட்டிப் பார்த்து, புது ஃபோம் வைத்து, ரெக்சினைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசர் குழாய் மாட்டிய, ஸ்டேப்ளர் பின் அடிக்கிற துப்பாக்கியால் டப் டப்பென்று அடித்துக்கொண்டு போவாள். ஆள் ஒல்லி. ஆனால் ரெக்சின் இழுத்து இழுத்து மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டு.

குட்டியாக வந்தபோது தொப்பையும் தானுமாக நடக்கமுடியாமல் உருண்டதால் தடியன் என்று பேர். பேர் வைத்த நேரமோ என்னவோ, கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அவளைத் தவிர ஒருத்தரையும் அதற்கு ஆகாது. பேப்பர் போடுகிறவன் மூன்று வீடு தள்ளி நின்றே வீசுவான். சோபா எடுக்க வருகிறவர்கள் வாசலுக்கு வெளியே நின்று, "சோபாக்கா, கட்டிப் போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். "யாரை, என்னையா?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அப்படி அவள் சிரிக்க ஆரம்பித்தே ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்தாள் இருந்தான். புருஷனை அவள் அப்படித்தான் சொல்வாள், பேரைச் சொல்லமாட்டாள். கல்யாணமான புதிதிலேயே கை நீட்ட ஆரம்பித்தவன். பெல்ட்டு, செருப்பு, அவளே செதுக்கி வைத்த நாற்காலிக் கால், கைக்கு எது கிடைக்கிறதோ அது. தாங்கமுடியாமல் அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணன் அடுத்த நாளே தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து திருப்பி விட்டுவிடுவான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. போகப் போகச் சரியாயிடும்." போகப் போக அவளுக்கு இடது காது கேட்காமல் போனதுதான் மிச்சம்.

ஒருநாள் அவன் அவள் கழுத்தைச் சுவரோடு வைத்து நெரித்தான். பின்கட்டில் சங்கிலியில் கிடந்த தடியன் ஆணியைச் சுவரோடு பெயர்த்துக்கொண்டு வந்தது. அவன் கெண்டைக்காலில் ஒரு கவளம் சதையை எடுத்துவிட்டுத்தான் விட்டது. நொண்டிக்கொண்டு போனவன் போனவன்தான். நடுவில் நாலைந்து தரம் தெருமுனை வரைக்கும் வந்து பார்த்தான். நிலைப்படியை அடைத்துக்கொண்டு தடியன் படுத்திருக்கும். திரும்பிப் போய்விடுவான்.

கடித்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் கைக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். சாயந்திரம் நாய் டாக்டரம்மா வந்து, தடியன் வாயில் கட்டுப் போட்டுவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"தாடை எலும்புல கட்டி வந்திருக்கு. அந்த வலியிலதான் கடிக்குது. இடுப்பும் போயிடுச்சு. மூளையும் கலங்கிடுச்சு, அதனாலதான் உங்களையே அடையாளம் தெரியலை."

"மருந்து?"

"வலிக்குக் குடுக்கறேன். குணமாகற நோயில்லை இது. சாப்பாட்டைத் தேடி வருதா, உங்க சத்தம் கேட்டா வாலை ஆட்டுதா, பாத்துக்கிட்டே இருங்க. ரெண்டும் இல்லைன்னா என்னைக் கூப்பிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் அண்ணன் வந்தான். வேன் ஓட்டி ஓட்டித் தொந்தி சரிந்த மனுஷன். தங்கையின் கைக்கட்டைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னும் எதுக்கு வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கே? ஊசியைப் போட்டு முடிச்சுடு. இன்னைக்குக் கை, நாளைக்குக் குரல்வளையைப் பிடிக்கும். ஒருதரம் கடிச்ச நாயை வீட்டுல வெச்சுக்கலாமா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஒருதரம் கடிச்சதுக்கே கொல்லணும்ங்கறே. அந்தாள் என்னை அத்தனை வருஷம் அடிச்சானே, அப்ப மட்டும் ஏன் அனுசரிச்சுப் போன்னு சொன்னே?"

அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து நாய்க்கும் அவளுக்கும் தினசரிச் சண்டை. மாத்திரையைக் கறிக்குள் வைத்து நீளக் கரண்டியால் நீட்டுவாள். பாதி நாள் அது கரண்டியைக் கடிக்கும், தாடை வலியில் அலறும், அலறிவிட்டு மறுபடி கடிக்கும். கரண்டியெல்லாம் ரத்தமும் எச்சிலும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோவாள். அது திரும்பித் துண்டை, அவள் புடவையை, காற்றை, எது இருக்கிறதோ அதைக் கவ்வும். மூலையில் தலையை முட்டிக்கொண்டு, பின்னால் வரத் தெரியாமல் மணிக்கணக்கில் நிற்கும். வால் ஆடி வெகுநாள் ஆகிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரம்மா நம்பரை எடுப்பாள், பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பாசம்தான் தடுக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். அது ஏன் என்று மட்டும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்றை முதுகுப்பக்கமாகச் சாய்த்துப் போட்டு அடிப்பக்கம் பின் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. கேட்கிற காதும் அந்தப் பக்கம். கடை நேரம் என்பதால் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. சோபாவின் ஓரத்தில் ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. அதில் ஒன்று பின்வாங்கி, படுத்துக்கிடந்த தடியன் விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டது.

"கிழவன் இன்னும் சாகலையா?"

அவள் நிமிர்ந்தாள். அந்தாள்தான். தலை நரைத்திருந்தது. சிரிப்பு நரைக்கவில்லை.

"கண்ணு போச்சு, இடுப்பு போச்சுன்னு உங்கண்ணன் டீக்கடையில சொல்லி அழுதானாம். சரி, துக்கம் விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வெளிய போ."

"என் பொண்டாட்டி வீட்டுல இருந்து நான் எதுக்குப் போகணும்?"

மறுபடி உதைத்தான். தடியன் முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு வந்தது. மோப்பம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததோ, இல்லை பழைய வெறிதானோ. வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. கிடைத்தது சோபாக் கால். கட்டையைக் கடித்து, விட்டுவிட்டு, அடுத்ததாக எட்டின காலைக் கவ்வியது. அது அவள் கணுக்கால்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா? அதுக்கே உன்னைப் பிடிக்கலை!"

சிரித்துக்கொண்டே வந்து அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். பழகின கை, இடம் தேடவில்லை. தலையைக் கொண்டுபோய் சோபாச் சட்டத்தில் மோதினான். உதடு கிழிந்தது. இரண்டாவது மோதலில் கண்ணுக்குள் வெள்ளையடித்தது. கையில் ஆறிவந்த கடிக்காயம் மறுபடி பிளந்து ரத்தம் விரலில் வழிந்தது. மூன்றாவது முறைக்குப் பிடிமானம் வேண்டி அவன் இடது கையைச் சட்டத்தின் மேல் ஊன்றினான். அவள் மூக்குக்கு நேரே இருந்தது அந்தக் கை.

துப்பாக்கி இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது. அவன் புறங்கையின் மேல் வைத்து அழுத்தினாள். டப். இன்னொரு டப். ரெக்சினை அடிப்பது போலவே, விரல் விரலாக நகர்த்தி, டப், டப். பின்கள் சதையைத் தாண்டிக் கட்டையில் இறங்கின. அவன் போட்ட கூச்சலில் கம்ப்ரசர் சத்தம் அமுங்கிப்போனது.

கூந்தல் விடுபட்டது. அவள் மரச்சுத்தியலை எடுத்தாள். முழங்காலில் ஒன்று வைத்தாள். அவன் மடங்கினான். தோளில் ஒன்று வைத்தாள், உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. "அனுசரிச்சுக்கோடா!" என்று கத்தினாள். "அனுசரிச்சுக்கோ! போகப் போகச் சரியாயிடும்!" அடுத்த அடிக்கு அவன் தலைக்கு மேல் சுத்தியலை ஓங்கினாள். அதை இறக்கியிருந்தால் அவன் அங்கேயே முடிந்திருப்பான், அவளும்தான். அந்த நேரம் பார்த்துத் தடியன் ஊளையிட்டது. நாய் ஊளை மாதிரியே இல்லை, யாரோ மனுஷர் கதறுகிற மாதிரி இருந்தது. அவள் திரும்பினாள். அந்த இடைவெளியில் அவன் கையைத் தோலோடு பிய்த்துக்கொண்டு, நொண்டியும் தவழ்ந்தும் தெருவுக்கு ஓடினான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். ஒருத்தரும் அவனைத் தாங்கிப் பிடிக்கப் போகவில்லை.

தடியனின் தாடை ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. சோபாக் காலில் அதன் பல் ஒன்று முறிந்து நின்றது. "தடியா, நான்டா" என்று அவள் கிட்டே போனாள். அது அந்தத் தொங்கின தாடையோடேயே அவளைப் பார்த்து உறுமியது. இத்தனைக்கும் நடுவில் இன்னும் காவல் காக்கிறதாக நினைப்பு அதற்கு.

அவள் இரண்டு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அவன் வந்துடுவானோங்கற பயத்துலதான் உன்னை இத்தனை நாள் பிடிச்சு வெச்சிருந்தேனாடா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

போன் போட்டதும் அண்ணன் ஓடிவந்தான். தரையெல்லாம் ரத்தம். தங்கையின் முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது.

"டீக்கடையில சொன்னியா?"

"பேச்சுவாக்குல... மனசு கேக்காம..."

அவள் எழுந்து அண்ணனைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறந்ததிலிருந்து அவனை எதிர்த்து விரல் நீட்டாதவள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா" என்றாள்.

டாக்டரம்மா பையிலிருந்து வாய்க்கட்டை எடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். "உடைஞ்ச தாடையில அதை மாட்டினா உயிர் போற வலி வலிக்கும்."

"மாட்டலைன்னா கடிக்கும்மா. கிட்டப் போகமுடியாது."

"கடிக்கட்டும்."

தடித்த ஃபோமைத் தன் கையில் முழங்கை வரைக்கும் சுற்றி, அதன்மேல் ரெக்சினை இரண்டு மடிப்புச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னாள். அண்ணன் கட்டினான். கட்டின கையை அவள் தடியன் வாய்க்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது கவ்வியது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் பல்லுக்குக் கொண்டுவந்து கவ்வியது. ஃபோமைத் தாண்டி அழுத்தம் எலும்பில் தெரிந்தது. அவள் மறுகையால் அதன் கழுத்தை அணைத்து, காதோரம் வாயை வைத்து, "கடிடா, நல்லாக் கடி, விடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா தொடையில் முதல் ஊசியைப் போட்டார். அது மயக்கத்துக்கு. உறுமல் மெல்ல மெல்லக் குறட்டை மாதிரி ஆனது. பல் தளர்ந்தது. பிறகு இரண்டாவது ஊசி. விலா ஒருதரம் பெரிதாக ஏறி இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றார் டாக்டரம்மா. அவள் கையை அதன் வாயிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்த பிறகு, நாக்கை உள்ளே தள்ளி, தொங்கின தாடையை மேலே சேர்த்து மூடிவைத்தாள்.

கொல்லையில் குழி தோண்டினது அண்ணன். கொஞ்சம் தோண்டினால் செங்கல், இன்னும் தோண்டினால் வேர். கடப்பாரையால் குத்தி, வேரை வெட்டி, வியர்வையும் சளியுமாக நின்றான். "இது போதுமா?" என்று கேட்டபோதெல்லாம் "இன்னும்" என்றாள். இடுப்பளவு ஆழம் போனபிறகுதான் விட்டாள். தடியனை இரண்டு பேருமாகத் தூக்கி இறக்கினார்கள். பேருக்குத்தான் தடியன், தூக்கினால் கனமே இல்லை.

மறுநாள் காலை போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். அந்தாள் கையிலும் தோளிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். பெண்டாட்டி கொலைவெறியில் அடித்தாள் என்று புகார் கொடுத்திருக்கிறானாம்.

"நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமா" என்றாள் அவள், வீங்கின உதட்டோடு.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சட்டத்தில் தோல் ஒட்டியிருந்த சோபாவைப் பார்த்தார். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அண்ணன் பின்கட்டிலிருந்து வந்தான். ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறான். கையெல்லாம் கொப்புளம்.

"சார், நேத்து நடந்ததை மட்டும் கேட்டா உங்களுக்குப் புரியாது. அவன் என்னென்ன பண்ணினான்னு எனக்குத் தெரியும். கல்யாணமான வாரத்துல இருந்தே தெரியும். தெரிஞ்சுதான் இவளைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அதையும் சேத்துச் சொல்றேன். உட்காருங்க."

உட்கார அவருக்கு இடம் தேடினான். எல்லா நாற்காலியும் உரித்துப் போட்டபடி கிடந்தன. அவள் ஒரு ஃபோம் கட்டை இழுத்துப் போட்டாள். அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, சோபாவைத் திருப்பிப் போட்டு, ரத்தம் பட்ட ரெக்சினை உரிக்க உட்கார்ந்தாள். அடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.