அட்டை கிழித்த இரண்டு புத்தகங்கள்

1
இந்தக் கதை வெடிக்காமல் போன ஒரு வெடியில் தொடங்கியது. 2004 தீபாவளிக்கு மறுநாள், விருதுநகரில் என் வாசலில் கிடந்ததை எடுத்துப் பிரித்தேன். சுருட்டிய தாளில் ஒரு இன்டக்ரல் குறி (பிளஸ் டூவில் என்னை அழவைத்த அதே குறி). பழைய புத்தகங்களும் அச்சுக் கழிவும்தான் சிவகாசியில் வெடிக்குழாய் ஆகின்றன. இந்தப் பக்கத்தை யாராவது படித்திருப்பார்களா? கதை எழுதுகிறவன் நாசமாய்ப் போக இந்த ஒரு கேள்வி போதும்.

2
'தஸ்லிமா கணிதத்தைக் காதலித்தாள்.' அடித்துவிட்டேன். யாரும் அப்படிக் காதலிப்பதில்லை.

'சிவகாசி வெயிலில் எண்கள்கூட...' வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். தஸ்லிமா பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் தேறினால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் ரம்ஜானுக்கு முன்னால் நிக்காஹ் என்று அவள் அத்தா செய்யது அபுதாஹிர் சொல்லிவிட்டார். கல்லூரியில் நடத்தாமல் விட்ட ஃபூரியர் பகுப்பாய்வை, அதாவது எந்த ஒலியையும் எளிய அலைகளாகப் பிரித்துக்காட்டும் கணிதத்தை, அவளே படித்தாக வேண்டும். அத்தாவுக்குச் சிவகாசியில் பழைய தாள் வியாபாரம்.

"மதுரையில போயி ஒரு புஸ்தகம் வாங்கணும்த்தா."

"நம்ம குடோன்ல இம்புட்டு கெடக்கு, மதுரைக்குப் போகணுமாக்கும்? வேணுங்கறத எடுத்துக்கம்மா."

(இவரைக் கஞ்சனாக்கத்தான் நினைத்தேன். எழுத எழுத நல்ல மனிதராகிவிட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.)

3
குடோனுக்குப் புத்தகம் வந்ததும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அட்டைக்கு வேறு விலை. முன்பக்கங்களும் அதோடு போகும். தஸ்லிமா தேடித்தேடி இரண்டை எடுத்தாள். ஒன்றில் விளக்கம் தெளிவாக இருந்தது, பின்பாதி இல்லை. மற்றதில் முன்பாதி இல்லை, கணக்குகளும் விடைகளும் முழுசாக இருந்தன. முதல் புத்தகத்தில் படித்து, இரண்டாவதில் கணக்குப் போட்டாள். ஒரு விடையும் சேரவில்லை.

அந்த இரண்டு ஆசிரியர்களும் ஃபூரியர் உருமாற்றத்தை இரண்டு விதமாக எழுதுகிறவர்கள். இரண்டு பை (2π) என்ற எண்ணை ஒருவர் இன்டக்ரல் குறிக்கு உள்ளே வைப்பார், மற்றவர் வெளியே. இரண்டும் சரிதான். எந்த வழக்கம் என்று முன்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். (அது அட்டையோடு போயிற்று.) அவள் போட்ட கணக்கு எல்லாமே சரி.

4
மாற்று முடிவு: லட்சுமிகாந்தம் என்றொரு பேராசிரியை குடோனுக்கு வந்து, இரண்டையும் புரட்டிப்பார்த்து... எந்தப் பேராசிரியை கோடை விடுமுறையில் பழைய தாள் குடோனுக்கு வருவார்? அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அவளே கண்டுபிடிக்கிறாள். ஆசைப்பட்டுப் பலமுறை எழுதிப்பார்த்தேன். தப்பு தன்மேல்தான் என்று நம்பிவிட்டவள் புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டேன் என்கிறாள்.

5
வெடிக் கம்பெனிக்குப் போகும் லோடு வண்டி வாசலில் நிற்கிறது. தஸ்லிமா இரண்டு புத்தகங்களையும் தராசில் வைக்கிறாள்.

"எனக்கு மண்டையில ஒண்ணுமே ஏறலத்தா. லோடுல போட்டுருங்க."

"மொதல்ல சாப்பிடும்மா," என்கிறார் அபுதாஹிர்.

இங்கேயே நிறுத்திவிட்டேன். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வண்டியும் புறப்படவில்லை. அவள் கணக்கு சரி என்று இப்போது உங்களுக்கும் தெரியும். உள்ளே போய் அவளிடம் சொல்ல எனக்கு வழி அகப்படவில்லை. முடிந்தால் நீங்கள் எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும், வெடியில் சுருட்டிய அந்தத் தாள் என் வாசலில்தான் கிடந்தது.