ஊசிக் காய்ச்சல்

...இல்லை, இந்த முறை எழும்பிப் போவதில்லை, என்ன வந்தாலும் போவதில்லை, என்று கிறகோரி கையிலிருந்த இலக்கத் துண்டைத் திரும்பவும் பார்த்தார், இருபத்திமூன்று, சுவரில் சிவப்பு எழுத்தில் பதினான்கு, இடையில் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் முக்கால் மணித்தியாலம் போகும், போகட்டுமே, மேலே காற்றாடி சுற்றுகிறது, முதுகைச் சாய்க்கக் கதிரை இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை, பகலில் இப்படிக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து எவ்வளவு காலம்... கண் தானாகவே சொருகியது, உலுக்கி விழித்துக்கொண்டார். இது மூன்றாவது தரம். முதல் தரம் வந்தபோது கார்த்திகை மழை, வாசலில் சனம், பிறகு வருவோம் என்று திரும்பியாயிற்று, அது நியாயம். இரண்டாம் தரம் துண்டும் எடுத்து, தனக்கு முன்னால் நாலே பேர் இருக்கையில், சைக்கிளைப் பூட்டினேனா என்று பார்க்க வெளியே போனவர், பூட்டித்தான் இருந்தது, அதைத் திறந்து ஏறி நேரே குருநகர் வீட்டுக்கு மிதித்துவிட்டார், அது என்ன நியாயம்? வீட்டில் மச்சாள் லூர்த்தம்மாவிடம் மருந்து முடிந்துவிட்டதாம் என்றார். ஜெர்மனியிலிருந்து மகள் லவீனா தொலைபேசி எடுத்தபோதும் அதே பொய். அவளோ விடமாட்டாள், கிழமைக்கு இரண்டு தரம், "அப்பா, சளிக்காய்ச்சல் ஊசி போட்டிட்டியளே? இஞ்சை எல்லாரும் வருசா வருசம் போடுறவை" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், போடுறன் பிள்ளை, போடுறன் பிள்ளை, என்று இவரும்.

ஊசிக்குப் பயமா? முப்பத்தெட்டு வருடம் கடலில் தொழில் செய்த மனிதன், ஒருமுறை தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்தபோது குறட்டால் முறித்து இழுத்துவிட்டு அன்றைக்கே வலை வளைத்தவர், இந்த மயிரளவு ஊசிக்கா? பிறகென்ன, கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்ட அண்ணை இரண்டு மாதத்தில் நெஞ்சு நொந்து செத்துப்போனதா? சனம் ஊசியால்தான் என்றது, அண்ணைக்கு அதற்கு முதலே இரண்டு தரம் நெஞ்சு நொந்தது, அது கிறகோரிக்குத் தெரியும், அவர்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆக அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் பாரம் இல்லை, ஆனாலும் இந்த வாசலுக்கு வந்தால் கால் திரும்புகிறது, ஏன் திரும்புகிறது... பதினைந்து, என்று மணி அடித்தது, ஒரு தாய் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மனைவி சிசிலியா இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு காலை குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தவள், சட்டி விழுந்த சத்தம் கேட்டு ஓடிப் போனால் சுவரோடு சரிந்து கிடந்தாள், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பாரிசவாதம், வலக்கை வலக்கால் இரண்டும் போய்விட்டன. அன்றோடு படகைத் தம்பியின் மகன் டினேஸிடம் விட்டார். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் புதுப் படிப்பு, ஒரு ஆளை இடுப்பு நோகாமல் தூக்கிக் கதிரையில் வைப்பது, கஞ்சி தொண்டையில் அடைக்காமல் கரண்டியைச் சரித்துப் பிடிப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவது, பம்பஸ் மாற்றுவது, பின்னல் பின்னுவது, பின்னல்தான் கடைசியில் வந்தது, வலை பின்னிய கைக்குத் தலைமயிர் அடங்க மூன்று மாதம் எடுத்தது. செய்கிறார், முகம் சுளிக்காமல் செய்கிறார், போன பெரிய வெள்ளிக்கு முதல் சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், எங்கள் பங்கிலேயே ஒரு கணவர் இருக்கிறார் என்று தொடங்க, கோயில் முழுக்கத் திரும்பி இவரைப் பார்த்தது, அன்றைக்குக் காது சூடாகிப் போயிற்று. அதன் பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது, இடுப்பு நோகிறது என்று சொல்லலாம், பலசரக்குக் கடையில் சாமான் இல்லை என்று சொல்லலாம், வேறு எதைச் சொல்வது...

"ஐயாவும் ஊசிக்கோ?" பக்கத்துக் கதிரைப் பெண், உடுவிலில் படிப்பிக்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் தும்முதுகள் என்று அவளாகவே சொன்னாள். ஓம் என்றார். ஆஸ்மா ஏதும் இருக்கோ என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, மனிசி படுக்கையில், அவவுக்கு நெஞ்சு பலவீனம், அதுதான் என்னையும் போடச் சொல்லி டொக்டர்... "மனிசிக்காக வந்திருக்கிறியள். நல்ல மனுசன் ஐயா நீங்கள்." கிறகோரி துண்டை இரண்டாக மடித்தார், திரும்ப விரித்தார். நல்ல மனுசன். இவளும் சொல்லிவிட்டாள். போன வருடம் நடந்தது தெரிந்தால் சொல்வாளா?

போன வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கையில் மீன் சந்தையில் இருந்தோ எங்கிருந்தோ கொண்டு வந்து சேர்த்தார் அந்தக் காய்ச்சலை, ஒரே நாளில் எலும்பெல்லாம் குத்து, நிற்க முடியவில்லை. சிசிலியாவின் தங்கை லூர்த்தம்மா, புருசன் இல்லாதவள், பாசையூரில் தனியாக இருப்பவள், செய்தி கேட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள், அத்தான் நீங்கள் அக்காவுக்குக் கிட்டப் போகக் கூடாது, முன்னறையில் கிடவுங்கோ என்று கதவைச் சாத்தினாள். நாலு நாள். முதல் இரண்டு நாள் அரைகுறை நினைவுதான், கொத்தமல்லி அவித்த தண்ணீர் கதவடியில் வரும், குடிப்பார், உறங்குவார். அப்போது சிசிலியாவுக்கு ஏழெட்டுச் சொல் திரும்பி வந்திருந்தது, இஞ்சை, தண்ணி, காணும், வலிக்குது, இப்படி. சுவருக்கு அப்பால் இஞ்சை என்று கூப்பிடும் சத்தம் கேட்கும், உடம்பு பழக்கத்தில் துள்ளி எழும்பப் பார்க்கும், பிறகு லூர்த்தம்மாவின் காலடி, வாறன் அக்கா, என்று அவள் குரல், எழும்பத் தேவையில்லை, எழும்பவே தேவையில்லை, அந்த நேரத்தில் உடம்பு பாயோடு பாயாகக் கீழே இறங்கிய சுகம்... மாதாவே, காய்ச்சலிலும் ஒரு மனிதனுக்கு அப்படிச் சுகம் வருமா? மூன்றாம் நாள் காலையில் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. நன்றாகவே தெரிந்தது. உடம்புவெப்பம் பார்க்கும் குச்சியை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது, உதறித் தலைமாட்டில் வைத்துவிட்டு, லூர்த்தம்மா கதவைத் தட்டிக் கேட்டபோது, இன்னும் உடம்பு நோகுது, என்றார். சுவருக்கு அப்பால் இஞ்சை என்ற சத்தமும் அன்றைக்கு வரவில்லை, அந்த ஒரு நாளை அவர் களவெடுத்தார்.

நாலாம் நாள் பின்னேரம் சிசிலியா இருமத் தொடங்கினாள். அவர் எழும்பிப் போயிருந்தால் மட்டும் வராமல் விட்டிருக்குமா, வராது என்று யார் சொன்னது, கதவைச் சாத்த முதலே ஒட்டியிருக்கும், அல்லது லூர்த்தம்மா வழியாக வந்திருக்கும், பெரியாஸ்பத்திரி வாட்டில் டொக்டரும் அதைத்தான் சொன்னார், உங்களில் பிழை இல்லை ஐயா என்று, அவருக்கென்ன தெரியும். பதினொரு நாள் ஒட்சிசன். அவர் தலைமாட்டிலேயே வாங்கில் இருந்து செபமாலை உருட்டினார். உயிரோடு கொண்டு வந்தாயிற்று, அந்த ஏழெட்டுச் சொல்லையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இப்போது கண் மட்டும்தான், கண்ணால் பின்தொடர்வாள், அவர் அறையில் எங்கே நின்றாலும் கண் அங்கே.

பத்தொன்பது. இருபது. இனி வேகமாகப் போகிறது. போன மாதம் கிளினிக்கில் சிசிலியாவுக்கு ஊசி ஏற்றிய டொக்டர்தான் சொன்னது, "இவவுக்குப் போட்டது காணாது ஐயா, நீங்கள்தானே இவவுக்குக் கிட்டத்தில எப்பவும், உங்களுக்குத்தான் முதல் போட்டிருக்க வேணும்." சரிதானே. எவ்வளவு நேர்மையான காரணம். அப்படியென்றால் ஏன் மூன்று கிழமை... இதைப் போட்டால் இந்த வருடம் காய்ச்சல் வராது. வராவிட்டால்? வராவிட்டால் நல்லதுதானே. வராவிட்டால் லூர்த்தம்மா பையோடு வரமாட்டாள், முன்னறைக் கதவு சாத்தப்படாது, நாலு நாள் இல்லை, ஒரு நாளும் இல்லை, நத்தாரும் தையும் மாசியும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டே... கிறகோரி துண்டை இறுக்கிப் பிடித்தார். சீ. இதுவா? இதற்காகவா கால் திரும்பியது? அவளுக்கு நோய் வர வேண்டும் என்று எந்தக் கணத்திலும் நினைத்ததில்லை, ஆண்டவர் அறிவார், தனக்கு வரட்டும் என்றுதான், தனக்கு மட்டும்... ஆனால் அந்தச் சின்ன வீட்டில் ஒருவர் விடும் மூச்சைத்தான் மற்றவர் எடுப்பது, தனக்கு மட்டும் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அவர் எழும்பினார். ஏன் எழும்பினார் என்று தெரியாது. உடுவில் ரீச்சர் வழிவிட முழங்காலை ஒதுக்கினாள், "உங்கடை நம்பர் வரப்போகுது ஐயா, எங்கை போறியள்?" என்றாள். எங்கே போகிறேன்? அவர் நின்றார், நின்றபடியே நின்றார், வெளிக்கதவு பத்தடி, உள்கதவு பத்தடி, மணி அடித்தது, இருபத்திரண்டுக்கு ஒருவரும் எழும்பவில்லை, போய்விட்டார் போல, திரும்ப மணி, இருபத்திமூன்று. நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். உள்ளே போனார்.

நேர்ஸ் சின்னப் பிள்ளை, லவீனாவை விட இளையவள், நெற்றிக்கு நேரே வெப்பம் பார்க்கும் துவக்கு மாதிரி ஒன்றைப் பிடித்து அழுத்தினாள். "காய்ச்சல், தடிமன் ஏதும் இருக்கோ ஐயா? இருந்தா இண்டைக்குப் போடேலாது." இல்லை என்றார். சொன்ன பிறகு அந்த இல்லையில் ஒரு வருத்தம் இருப்பது தன் காதுக்கே கேட்டது. சேட்டின் கையைச் சுருட்டச் சொன்னாள், பஞ்சின் குளிர், எறும்பு கடித்த மாதிரி ஒன்று, அவ்வளவுதான், முடிந்தது, இதற்காகவா மூன்று கிழமை.

"கை ரெண்டு நாள் நோகும். சில பேருக்கு உடம்பு உளைஞ்சு காய்ச்சலும் மெல்லிசா வரும். வந்தா பனடோல் ரெண்டு போட்டிட்டுப் படுங்கோ."

சுருட்டிய சேட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அந்தக் காய்ச்சல் மனிசிக்கு ஒட்டுமோ மிஸ்ஸி?"

"ஊசிக் காய்ச்சல் ஒட்டாது ஐயா. அது உங்கடை உடம்புக்குள்ளை மட்டும்தான்."

"எத்தினை நாள் நிக்கும்?"

அவள் சிரித்தாள். "பயப்பிடாதேங்கோ. ஒரு நாள், கூடிப் போனா ரெண்டு. கன பேருக்கு வாறதே இல்லை."

கால் மணித்தியாலம் வெளியே இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒட்டாத காய்ச்சல். அப்படி ஒன்று இருக்கிறதா உலகத்தில், யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு நாள், சட்டப்படி படுத்துக் கிடக்கலாம், டொக்டர்மாரே தருகிறார்கள்... கை தானாக நெற்றிக்குப் போனது, குளிர்ந்து கிடந்தது, இதற்குள் வருமா, விசர். தொலைபேசியை எடுத்தார். வீட்டில் அக்காவுக்குக் காவலாக லூர்த்தம்மா, காலையில் வந்தவள், மத்தியானம் பாசையூருக்குத் திரும்பிவிடுவாள்.

"போட்டாச்சோ அத்தான்?"

"ஓம், போட்டாச்சு. அக்கா?"

"கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கிறா. கண் வாசலிலைதான்."

"லூர்த்து... இந்த ஊசி போட்டா காய்ச்சல் வருமாம். மிஸ்ஸி சொன்னவ, படுத்துக் கிடக்கத்தான் வேணுமாம். நாளைக்கும் நீ நிக்க ஏலுமோ எண்டு..." வரலாம் என்றல்லவா அந்தப் பிள்ளை சொன்னது, கன பேருக்கு வராது என்றும் சொன்னாளே, ஏன் அதை விழுங்கினேன், இந்த வயதில் எத்தனை பொய்.

"நிக்கிறன் அத்தான்." மறுபக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு, குரலைத் தாழ்த்தி, "காய்ச்சல் வராட்டிலும் நிக்கிறன்," என்றாள்.

அவள் வைத்துவிட்டாள். அந்தக் களவு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து? அன்றைக்குக் குச்சியைத் தலைமாட்டிலிருந்து எடுத்துக் கழுவியவள் அவள்தான், உதறியிருந்ததைக் கண்டிருப்பாள், வேர்வை காயாத பாயைக் கண்டிருப்பாள், நெற்றியில் கை வைக்காமலே தெரிந்திருக்கும், தெரிந்தும் கொத்தமல்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாளா, வைத்தாள், அந்த நாலாம் நாளும் வைத்தாள். ஒரு சொல் கேட்கவில்லை. அவர்தான் வாய்விட்டு உதவி கேட்டிருந்தால் நின்றிருப்பாளா, இரண்டரை வருடமும், கிழமைக்கு ஒரு நாள்? கால் மணித்தியாலம் முடிந்தது என்று யாரோ சொன்னார்கள், எழும்பலாம் ஐயா, தலை சுற்றுதோ? இல்லை, சுற்றவில்லை. லூர்த்தம்மாவுக்குத் தெரியும் என்றால்... சுவருக்கு மற்றப் பக்கம் கிடந்தவளுக்கு, அவர் இருமுவதையும் புரளுவதையும் நாற்பது வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு, மூன்றாம் நாள் காலையில் அவருடைய மூச்சு மாறியது கேட்டிருக்காதா? கேட்டிருந்தும்தான், அன்று பகல் முழுக்க அவள் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடாமல் இருந்தாளா?