வெறுங்கைத் தூதர்

நானூறு வருடங்களுக்கு முன் தூதர் அகமது லெப்பை, கடல் கடந்த அச்சே நாட்டுத் துறைமுகத்தில் ஏழு மாதம் கப்பலைவிட்டு இறங்கவில்லை. உமா மகேஸ்வரியின் ஆய்வேட்டில் அந்த ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

கணவர் ஸ்ரீதர் இறந்து ஐந்து மாதமாகிறது. கல்லூரிக்குப் போகிறாள், வரலாறு நடத்துகிறாள், வருகிறாள். அழுகை வருவதில்லை. பசியும் வருவதில்லை. எதிர்வீட்டு மஸூதா மட்டும் சளைக்காமல் கஞ்சி, இடியாப்பம், சோற்றுக்கு மீன் ஆணம் என்று ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது உமா வளர்ந்த முறை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சர்க்கரை டப்பாவைத் திறக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் ஒன்பது சேர்ந்துவிட்டன. அந்த வெட்கத்தில் எதிர்வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தாள்.

மஸூதாவும் அவள் கணவர் ஜெய்னுலாப்தீனும் இந்தத் தீவில் நடத்திவந்த அபர்டீன் பஜார் துணிக்கடையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான ராமநாதபுரத்துக்கே போகிறார்கள். நாளைக் காலை கப்பல். இன்று போய் முகம் காட்டாவிட்டால் இனிப் பார்ப்பது அரிது. தெரிந்தும் அவள் தூதர் பற்றிய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அகமது லெப்பை நாகப்பட்டினத்து மிளகு வியாபாரியின் மகன். மலாயும் போர்த்துகீசும் பேசுவார் என்பதாலேயே தஞ்சை நாயக்கர் முப்பது வயதில் அவரைத் தூதராக்கினார். முதல் பயணத்திலேயே நிக்கோபார் அருகே புயல். பட்டும் பன்னீரும் தந்தப் பெட்டியும் கடலோடு போயின. மூங்கில் குழலில் இருந்த கடிதம் மட்டும் மிஞ்சியது. வெறுங்கையோடு அரசவை ஏறுவதா என்று ஊருக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கப்பலிலேயே காத்திருந்தார். துறைமுக அதிகாரி தினமும் சோறும் வெற்றிலையும் அனுப்பினார். அதைத் தின்னவும் வெட்கம், மறுக்கவும் வெட்கம். பருவக்காற்று திரும்பிப் புதிய பரிசுகள் வந்துசேர்ந்தபோது, அச்சே சுல்தான் இறந்து ஒரு வாரமாகியிருந்தது.

அதிகாரி அன்று சொன்னதை ஒரு டச்சு வணிகர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: “உங்கள் அரசரின் கடிதத்தை யானைமேல் ஏற்றிக்கொண்டுபோக ஆள் நிறுத்தியிருந்தோம். பரிசை யார் கேட்டது?”

பிறகு இருபது வருடம் பெகு, அரக்கான் நாடுகளுக்குத் தூது போனார். எந்தத் துறையிலும் அவர் ஒரு நாள்கூடக் கப்பலில் தங்கியதாகக் குறிப்பில்லை.

உமா பேனாவை மூடினாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் எழுந்தாள். மனம் வராதபோது கால்களையாவது அனுப்பிவைப்பதும் ஒரு வழிபாடுதான். கடவுள் அதைக் குறைவாக எண்ணுவதில்லை. ஒன்பது பாத்திரங்களையும் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

ஜெய்னுலாப்தீன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். “அரே, வந்தாச்சா? தூக்குச்சட்டியக் காணோம்னு என்னையில்ல திருடனாக்கி வச்சிருக்கா.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் மஸூதா. “வா உமா.”

“எல்லாம் காலியா இருக்குக்கா. எதுவும் போட்டுக் கொண்டுவர முடியல. அதான் வரவே இல்ல.”

மஸூதா ஒரு மூடியைத் திறந்து பார்த்தாள். “காலியாத்தான் இருக்கு. நல்லது, ஷிப்புல வெயிட்டு கம்மி. இதுக்கா இத்தனை நாள்? பாகல், பைத்தியமா நீ?”

உமா பையைக் கீழே வைத்தாள். எப்படி இருக்கிறாய் என்று மஸூதா கேட்கவில்லை. ஒரு பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இழுத்தாள்.

“இந்த முடிச்சுல விரலை வை. இந்த மனுசன் கட்டினா கப்பல் துறைக்குப் போறதுக்குள்ள அவுந்துடும்.”

உமா விரலை வைத்தாள். கயிறு இறுகியதும் எடுத்தாள். அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. எட்டுப் பெட்டியும் கட்டி முடிந்ததும் மஸூதா தோசை ஊற்றினாள். உமா இரண்டு தின்றாள். காலையில் வழியனுப்பக் கப்பல் துறைக்கு வருவதாகச் சொன்னாள்.