சான்சோங்கில் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

ஒரே ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே, கடையின் இணையப் பக்கத்தில், ஊரே படிக்கும்படி எழுதியிருந்தான் அந்தப் படுபாவி: "பழைய பாகங்களைப் போட்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். குவாங்ஹுவா கட்டடம், மூன்றாம் மாடி. தூ மெய்-யின் என்ற பெண். ஜாக்கிரதை!"

பழைய பாகமாம்! பத்தொன்பது வருஷமாகத் தைபேயின் அந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கிறாள் மெய்-யின். ஒரு திருகாணியைக்கூடப் பழசாகப் போட்டதில்லை. படிக்கப் படிக்க அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எழுதியவன் பெயர் சியூ. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சான்சோங்கில், ஒரு நாலாம் மாடியில் குடியிருப்பவன். இனிமேல்தான் கட்டப்போகிற வீடுகளின் கூடமும் சமையலறையும் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது அவன் தொழில். ஒரு படம் முடிய மூன்று மணி நேரம் ஆகும், அத்தனை நேரமும் மெஷின் மூச்சு வாங்க ஓடும். ஜூன் மாதம் கடைக்கு வந்தபோது கையில் பட்டியலோடு வந்தான். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏழு கலர் விளக்கு.

"என்ன சார் இது, மீன் தொட்டியா?" என்று கேட்டாள் மெய்-யின்.

"பாக்க நல்லா இருக்கும்ல, அக்கா."

"நல்லாத்தான் இருக்கும். சூடு எந்த வழியா வெளிய போகும்? நீங்க செய்யற வேலைக்கு உள்ள அடுப்பு எரியற மாதிரி எரியும். கண்ணாடியால மூடி வெச்சா வெந்துதான் போகும்."

இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் விளக்குகள் போயின, அந்தக் காசுக்கு மெமரி இரண்டு மடங்கானது. கண்ணாடி மூடி போய்க் கம்பிவலை மூடி வந்தது. மூடிக்கு நேர் கீழே தண்ணீரால் குளிர்விக்கும் தட்டு, அதோடு இரண்டு ஃபேன். "சூடு மேலதான் போகும், சார். அதுக்கு வழி விட்டா போதும்" என்றாள். இந்த வருஷம் முதலாளி ஜியானோடு மல்லுக்கட்டி, வலை மூடிப் பெட்டிகளை மட்டுமே வாங்க வைத்தவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்றே வாரத்தில் சியூ மெஷினை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறதாம். மெய்-யின் தன் மேசையில் வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினாள். அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி அணைந்தது. மறுபடி வந்தான், மறுபடி ஓட்டினாள், ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தடவை வந்தபோது மெஷினின் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பச்சைப் பை எங்க?"

"நசுங்கிடும்னு வீட்டில வெச்சிட்டு வந்தேன்."

"அதான் பார்த்தேன்! போனதும் பழையபடி அங்கயே ஒட்டிடுங்க."

பை என்றால் தேங்காய்ச் சுவைப் பொரிப் பை. அந்தப் பொரியின் பெயருக்கே சமத்து என்றுதான் அர்த்தம், மெஷின்கள் சமத்தாக நடந்துகொள்வதற்காக வைப்பது. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் படுத்துவிடும். பிரித்துத் தின்னக் கூடாது, தேதி முடியும்முன் மாற்றிவிட வேண்டும். தைபேயில் ஆஸ்பத்திரி மெஷினிலிருந்து ரயில் டிக்கெட் மெஷின் வரைக்கும் இதுதான் நடைமுறை. மெய்-யின் கையில் உருவான மெஷின் எதுவும் தலையில் பச்சைப் பை இல்லாமல் கடையை விட்டு வெளியேறியதில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் இந்த ஒற்றை நட்சத்திரம். முதலாளி ஜியான் குரலை உயர்த்தாத மனிதர், அதனால்தான் அவரிடம் எல்லோருக்கும் பயம்.

"மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் போட்டுடும்மா. இல்லேன்னா அடுத்த மாசத்திலேருந்து கோத்து விக்கறதே வேண்டாம். ரெடிமேட் பெட்டியா வாங்கி அடுக்கிடலாம். உன் மேசை இருக்கற இடத்தில ரெண்டு அலமாரி போடலாம்."

"செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? என் மேசையைத் தூக்கிக் குப்பையில போடுங்க, முதலாளி, கேக்க மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. வாங்கிப்போன மெஷினில் ஃபேன் ரொம்பக் கத்துகிறதென்று யாரோ ஒருவர். அந்த வாரத்தில் இது மூன்றாவது ஆள்.

"ஃபேன் கத்தினா வேலை செய்யுதுன்னு அர்த்தம்! காது நல்லாக் கேக்குதேன்னு சந்தோஷப்படுங்க!" என்று ஃபோனை வைத்தாள்.

வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு, ஜூலை மாத உச்சி வெயிலில் ஸ்கூட்டரை எடுத்தாள். பாலம் முழுக்க வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க, செருப்பைக் கழற்றி உதறிவிட்டுச் சியூவின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மேசை ஓரத்தில் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பச்சைப் பைகள். கம்பிவலையில் ஒரு கண்கூடத் தெரியாதபடி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, அழகாக, அடுக்காக.

"அடப்பாவி!" என்று கத்தினாள் மெய்-யின். "சூடு போற வழியை அடைச்சு வெச்சிட்டு என் பாகம் பழசுன்னு எழுதினியா? என் பேரைப் போட்டு எழுதினியே, கை கூசலையா உனக்கு?"

சியூவின் முகம் வெளுத்துவிட்டது. "அணைஞ்சதேன்னு ரெண்டாவது வெச்சேன், அக்கா. அப்பறமும் அணைஞ்சது, மூணாவது... ஐயோ, என் தப்புதான். இப்பவே அழிச்சிடறேன். அஞ்சு நட்சத்திரம் போடறேன்."

மெய்-யினுக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது. முதலாளியை வீடியோவில் அழைத்து, ஃபோனை மெஷினுக்கு நேரே பிடித்தாள். "பாருங்க முதலாளி, யார் தப்புன்னு உங்க கண்ணாலயே பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே மற்றக் கையால் மேல் பையைப் பிய்த்தாள். இரண்டாவதைப் பிய்த்தாள். மூன்றாவது லேசில் வரவில்லை, சூட்டில் டேப்பின் பசை இறுகியிருந்தது. அதன் மேல் கறுப்பு மையில் எழுதியிருந்தது: "தூ மெய்-யின் கோத்தது. சமத்தா இரு."

அவள் கை நின்றுவிட்டது.

சியூ அதைக் கவனிக்கவில்லை, கண்ணாடி போடாத முதலாளிக்கு எழுத்துத் தெரியவில்லை. தலையைக் குனிந்தபடி ஃபோனில் தன் பதிவைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பையையும் கசக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேசை பிழைக்கும், பேர் பிழைக்கும், அஞ்சு நட்சத்திரமும் வரும். போன வருஷம் வரைக்கும் மூடி தகரமாக இருந்தது, பை அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. வலை மூடி வேண்டும் என்று சண்டை போட்டவளும் அவள்தான், அந்த வலையின் மேலேயே பையை ஒட்டி அனுப்பியவளும் அவள்தான். மூன்றாவது தடவை வந்தவனிடம் திரும்ப ஒட்டு என்று சொல்லி அனுப்பியதும் அவளேதான். நினைக்க நினைக்கத் தன்னையே நாலு அறை அறையலாம் போல் ஆத்திரம் வந்தது.

பையைப் பிய்த்தெடுத்து ஃபோனுக்கு நேரே நீட்டினாள்.

"முதலாளி, இது யார் கையெழுத்து, தெரியுதா?"

ஜியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உன்னோடதா?"

"என்னோடதுதான். திரும்ப ஒட்டுன்னு வேற சொன்னேன். இந்த ஆள் மேல தப்பில்ல."

ஜியான் கண்ணாடியைக் கழற்றினார். மெஷினின் அலறல் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"வலை மூடி வந்ததுக்கப்பறம் எத்தனை மெஷின் அனுப்பியிருக்கே?"

"பதினேழு."

"மேசையைப் பத்திச் சாயங்காலம் பேசிக்கலாம். முதல்ல எல்லாருக்கும் ஃபோன் பண்ணு."

சியூ தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, நான் எழுதினதை அழிச்சிடவா?"

"பழைய பாகம்னு எழுதினதை மட்டும் அழிங்க. அது பச்சைப் பொய், அதை மன்னிக்க மாட்டேன். என் பேர் அப்படியே இருக்கட்டும், கீழ நானே பதில் எழுதறேன்."

அவன் இழுத்துப்போட்ட முக்காலியில் உட்கார்ந்து, காலையில் வந்த எண்ணைத் தேடி எடுத்தாள். அந்தப் பக்கம் நாலு தடவை மணி அடித்தது.

"வணக்கம் சார். ஃபேன் கத்துதுன்னு சொன்னீங்களே, குவாங்ஹுவாலேருந்து பேசறேன். ஆமாம் சார், உங்களைத் திட்டினேனே, அதே அம்மாதான். உங்க மெஷின் தலையில ஒரு பச்சைப் பை இருக்கா?"