தீனதயாளன் போன் வழியாக வந்தார்

மொழிபெயர்ப்பாளர் போனை எடுத்தால் வாடிக்கையாளர் வீட்டுக்குள் வந்துவிடுவார். கோயம்புத்தூரில் இது எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் கூப்பிட்டால் குரல் மட்டும் வரும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் ஆளே வருவார், அதுவும் செருப்போடு. கொடுத்த வேலையைத் தன் வாயால் 'சரி' என்று சொல்லும் வரைக்கும் போகமாட்டார், போகவும் முடியாது. எந்த வாடிக்கையாளர் சரி என்று சொல்லியிருக்கிறார்? அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மெயில் அனுப்புங்கள், மெயில் அனுப்புங்கள் என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மெயிலில் எழுத்து மட்டும்தான் வரும். எழுத்து காபி கேட்காது.

வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புகிறவர்களையும் ஒருமாதிரி சகித்துக்கொள்ளலாம். அந்தக் குரல் துணிக்கொடியில் போய்த் தொங்கும். சாயங்காலம் மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். வீடியோவில் கூப்பிடுகிறவர்கள்தான் மகா பாவிகள். திரையில் என்னென்ன தெரிகிறதோ அத்தனையும் கூடவே வந்துவிடும். சாயிபாபா காலனியில் ஜெர்மன் மொழிபெயர்ப்புப் பார்க்கிற ஒருவர் தெரியாமல் எடுத்துவிட்டார். ஒரு சிமென்ட் கம்பெனியின் மீட்டிங் ஹாலே வந்து இறங்கிவிட்டது. இன்றைக்கும் அவர் குடும்பம் அந்த மேஜைக்கு அடியில்தான் படுத்துக்கொள்கிறது.

அம்சவேணி அப்படி ஏமாறுகிறவள் இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிற வேலை. கணபதியில் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு கட்டில். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரின் நிழல்கூட அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. போன் அடித்தால் அடங்கும் வரை காத்திருப்பாள். பிறகு, 'அழைத்திருந்தீர்கள், விவரத்தை மெயிலில் எழுதவும்' என்று பதில் போடுவாள்.

அன்றைக்கு அவளுடைய அம்மா பழனாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள். முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். தரையில் படுக்கவே கூடாது, படுத்தால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்சவேணி கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டி, துவைத்த விரிப்பைப் போட்டு, தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு வைத்துவிட்டு நிமிர்ந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும் என்று பதறிக்கொண்டு எடுத்தாள்.

"மேடம், ஒரு ரெண்டே நிமிஷம்."

கட்டிலில் தீனதயாளன் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மெத்தைக் கம்பெனியின் விளம்பர மேனேஜர் அவர். பத்து வரி விளம்பரத்தை ஆபீஸ் ஆள் மூலம் மெயிலில் அனுப்பவைத்திருந்தார். அம்சவேணி அதை எப்போதோ முடித்து மெயிலில் அனுப்பிவிட்டாள். மெயிலைத் திறக்க வேண்டுமென்றால் விரலை அசைக்க வேண்டுமே! துரைக்கு அதற்கு நேரமில்லை. போன் பண்ணத்தான் நேரமிருந்தது.

"மெயில் பாக்கலீங்க மேடம். நேர்ல பேசினா கிளியரா இருக்குமில்ல?" என்றவர் கட்டிலை அமுக்கிப் பார்த்தார். "இலவம்பஞ்சா? முதுகுக்கு ஆகாதுங்க." சொல்லிவிட்டு அதிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

அம்சவேணி எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"சூப்பர் மேடம். எல்லாமே நல்லாருக்கு. ஆனா அந்த ஃபீல் வரல."

"எந்த ஃபீலுங்க?"

"வந்தா தெரியும்ங்க."

அவள் இரண்டாவது வரியை மாற்றினாள், ஐந்தாவது வரியைத் தலைகீழாக்கினாள், கடைசி வரியை முதலில் வைத்தாள். தீனதயாளன் மோட்டுவளையைப் பார்த்தபடி கேட்டார். காபி குடித்தார். முதலில் எழுதியதே நன்றாக இருந்த மாதிரி இருக்கிறது என்றார். அதையே மறுபடி படித்தாள்.

"கிட்டத்தட்ட சரிதானுங்க" என்றார்.

அவருடைய கால் இரண்டும் கணுக்கால் வரைக்கும் மறைந்தன. அம்சவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா" என்றார். கால்கள் திரும்பி வந்தன.

இந்த இடத்தில்தான் அம்சவேணி தப்புப் பண்ணினாள். மொழிபெயர்ப்பாளரைத் தவிர வேறு எவரும் செய்யமாட்டாத தப்பு. இவர்களுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் தீர்த்துக்கொள்ளாமல் சோறு இறங்காது. அதையும் மெயிலில்தான் கேட்க வேண்டும், முகத்துக்கு நேரே கேட்கவே கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"ஏனுங்க, இங்கிலீஷ்ல மேகம் மாதிரி தாங்கும்னு போட்டிருக்கீங்களே, மேகம் எதைங்க தாங்கும்?"

தீனதயாளனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "நல்ல கேள்வி மேடம். எங்க கம்பெனி டைரக்டர் சாரையே கேட்டுருவோம்" என்று தன் போனில் ஒரு செய்தி தட்டினார். உடனே அவள் போன் அடித்தது. அவள் கையை நீட்டுவதற்குள் அவரே எட்டி எடுத்துவிட்டார். வீடியோ அழைப்பு.

டைரக்டர் சுழல் நாற்காலியோடு வந்து இறங்கினார். கூடவே ஒரு ரப்பர் செடித் தொட்டி, கம்பெனி வாங்கிய கேடயங்கள் அடுக்கிய அலமாரி, பின்னால் நின்று தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற இருவர். அலமாரி சமையலறை வாசலில் பாதியை அடைத்துக்கொண்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள்; இங்கே இடத்தையே யாரும் கொடுக்கவில்லை.

டைரக்டர் மேகத்தைப் பற்றிப் பேசினார். மேகத்தை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறாராம். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவராம், அவரே எழுதியிருப்பாராம், நேரம்தான் இல்லையாம். பின்னால் நின்ற இருவரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர், "இங்கிலீஷை இன்டர்நெட்ல போட்டா வேற மாதிரி வருதுங்க சார்" என்றார். எல்லாரும் அம்சவேணியைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள். அவள் படித்த படிப்பு, பழகிய தமிழ் எல்லாம் அந்த ரப்பர் செடிக்குக்கூடப் பிரயோஜனமில்லை என்று ஆகிவிட்டது.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் பழனாத்தாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். செடித்தொட்டிக்கும் டைரக்டருக்கும் நடுவில் கிடந்த கொஞ்ச இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார்.

"ஆரு கண்ணு இவங்கெல்லாம்?"

"கிளையன்ட்டும்மா."

"போனை எடுத்துப்புட்டியா?"

"ஆஸ்பத்திரின்னு நெனச்சுட்டேம்மா."

"ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, இப்பக் குத்துது கொடையுதுன்னா என்ன பண்றது" என்றாள் பழனாத்தாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "ஏனுங் தம்பி, கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்ளா? காலை நீட்டோணும்" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இதோ ரெண்டே நிமிஷம்மா" என்றார் தீனதயாளன். படுத்தபடியேதான் சொன்னார்.

பழனாத்தாள் காத்திருந்தாள். கட்டுப் போட்ட கால் தொங்கிக்கொண்டிருந்தது. வலிக்குதா என்று அம்சவேணி கேட்டதற்கு இல்லை என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெற்றவளைக் கிடத்த இருப்பது ஒரே கட்டில், அதில் ஒரு மெத்தைக்காரன் புரண்டுகொண்டிருக்கிறான்!

மொழிபெயர்ப்பாளர் தானாக வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டதாக அந்த ஊரில் ஒரு கதையும் கிடையாது. அம்சவேணி அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். போனை எட்டப் பிடித்தாள். திரையில் தன் முகமும் அம்மாவும் சக்கர நாற்காலியும் மாத்திரைப் பையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, மெத்தைக் கம்பெனிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். டைரக்டர் மேகத்தை விட்டு இடி மின்னலுக்கு வந்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

அங்கே மேனேஜர் இல்லை, டைரக்டர் இல்லை, தலையாட்டிகள் இல்லை. வாட்ச்மேன்தான் எடுத்தார்.

"வாங்கம்மா" என்றார்.

இருவரும் நாற்காலியோடு போய் இறங்கியது அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்க விற்பனைக்கு வைத்த கட்டில்கள், மெத்தைகள். ஏ.சி. சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனை நாளைக்குங்க?" என்று வாட்ச்மேன் கேட்டார். வேலை முடிகிற வரைக்கும் என்றாள் அம்சவேணி. அவர் சக்கர நாற்காலியை ஒவ்வொரு கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போனார். பழனாத்தாள் முதல் மெத்தையைக் கையால் அமுக்கி, உள்ளே போகிறது என்றாள். அடுத்தது பலகை என்றாள். கண்ணாடியை ஒட்டிப் போட்டிருந்ததில் இருவருமாகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டவள் அடுத்த நிமிஷமே தூங்கிவிட்டாள். பார்த்துக்கொண்டு நின்ற அம்சவேணிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சாயங்காலம் தீனதயாளனிடமிருந்து மெயில் வந்தது. வாழ்நாளில் அவர் எழுதிய முதல் மெயில். மேலே பொருள் என்று போட்டு, மதிப்பிற்குரிய அம்மையீர் என்று தொடங்கி, முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து எழுதியிருந்தார். 'தங்கள் இல்லத்தில் காபித்தூள் தீர்ந்துவிட்டது. தரையில் படுத்ததில் டைரக்டர் அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாங்கள் எப்போது வெளியேறலாம் என்பதைத் தங்களுக்கு வசதியான நேரத்தில் தெரிவிக்கவும்.'

'மொழிபெயர்ப்பு சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்' என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது. 'மிக அருமையான மொழிபெயர்ப்பு. அனைவருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சின்னத் திருத்தம்.'

அம்சவேணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காலுக்கு அடியில் இரண்டு தலையணை. அம்சவேணி நிதானமாகத் தட்டினாள்: 'அவசரமே இல்லை. எல்லாரும் கலந்து பேசிச் சொல்லுங்கள்.'

வாட்ச்மேன் வந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"ஆறு மணியாச்சுங்க. கட்டடம் வீட்டுக்குப் போற நேரம்."

"கட்டடத்துக்கு வீடு எங்கீங்க?"

"பொள்ளாச்சிங்க. காலையில திரும்ப வந்துரும்."

கட்டடம் வாசற்படியை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாக ரோட்டில் இறங்கியது. உக்கடத்தில் நெரிசல். சுந்தராபுரம் சிக்னலில் சிவப்பு விழுந்து, ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. அந்தக் குலுக்கலில் பழனாத்தாள் கண் விழித்து வெளியே பார்த்தாள்.

"கெணத்துக்கடவு வந்தா எழுப்பு கண்ணு, காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.